தெற்கு ஜெயித்திருந்தால்?

கேள்வி இதுதான். 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் ஜெயித்துத் தனிநாடாகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இதை வைத்து ஒரு நாவல் எழுதப் போவதாகக் கேட்டவர் சொல்கிறார். கூடவே ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார்: "எப்படியும் இயந்திரம் வந்ததும் இருபது வருஷத்தில் அடிமைமுறை தானாக ஒழிந்திருக்குமே, அதற்கு ஆறு லட்சம் பேர் சாக வேண்டுமா?"

கொக்கியை முதலில் கழற்றிவிடுகிறேன். தானாக ஒழிந்திருக்காது. ஆனால் தெற்கு ஜெயித்திருந்தால் அடிமைமுறை பத்திரமாக இருந்திருக்கும் என்பதும் சரியில்லை. பிரிந்துபோன அன்றைக்கே, அதைக் காத்துக்கொண்டிருந்த வேலியைத் தோட்ட முதலாளிகள் தங்கள் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அது எப்படி என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஜெயிப்பது எப்படி? இந்தக் கற்பனையில் இறங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நேராக கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குப் போய்விடுவார்கள். 1863 ஜூலை 3, தென்தளபதி பிக்கெட்டின் படை மேட்டில் ஏறிவிட்டால் போதும், போர் முடிந்தது என்று. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. தென்படைத் தளபதி லீ அங்கே ஜெயித்திருந்தாலும் மறுநாளே மிசிசிப்பிக் கரையில் விக்ஸ்பர்க் நகரம் வடதளபதி கிராண்ட்டிடம் விழுந்திருக்கும். விழுந்ததும் அப்படித்தான், ஜூலை 4. தெற்கு படையெடுத்து வடக்கைப் பிடிக்கத் தேவையே இல்லை. வடக்குக்கு அலுத்துப்போனால் போதும். சரணடைய வைக்க வேண்டிய வேலை வடக்குக்கு. தாக்குப்பிடிக்கிற வேலை மட்டும்தான் தெற்குக்கு. அப்படிப் பார்த்தால் உண்மையில் திறந்திருந்த கதவுகள் இரண்டுதான்.

ஒன்று 1862 இலையுதிர்காலம். லீயின் படை மேரிலாந்துக்குள் நுழைந்திருந்தது. படையை எப்படிப் பிரித்து எங்கெங்கே அனுப்புகிறார் என்பதைச் சொல்லும் ஆணை ஒன்று, எண் 191, மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதமாக ஃப்ரெடரிக் நகரத்துக்கு வெளியே ஒரு வயலில் கிடந்தது. செப்டம்பர் 13 அன்று இந்தியானா மாநிலப் படைப்பிரிவு ஒன்று அதைக் கண்டெடுத்தது. நான்கு நாள் கழித்து ஆன்டீட்டம் சண்டை. இரு தரப்பிலும் சேர்த்துச் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சுமார் 23,000 பேர், ஒரே நாளில். லீ பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கலை வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடிந்ததால்தான் லிங்கன் செப்டம்பர் 22 அன்று அடிமை விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார். அதே வாரங்களில் லண்டனில் பிரதமர் பாமர்ஸ்டனும் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸலும் சமரசம் பேசலாமா, தெற்கை அங்கீகரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அக்டோபர் 7 அன்று நியூகாசிலில் பேசும்போது, தெற்கின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸ் ஒரு தேசத்தையே உருவாக்கிவிட்டார் என்று வாய்விட்டுவிட்டார். சுருட்டு கிடைக்காமல் போயிருந்தால் என்று ஆரம்பிக்கும் கதைகளுக்கு இதுதான் அடிப்படை.

இதில் எனக்குள்ள தயக்கம் பருத்தி சம்பந்தப்பட்டது. "பருத்திதான் ராஜா, அதோடு மோத யாருக்கும் துணிச்சல் வராது" என்று தென் கரோலினா செனட்டர் ஹாமண்ட் 1858லேயே மார்தட்டியிருந்தார். பிரிட்டனுக்கு வந்த பருத்தியில் முக்கால்வாசிக்கு மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்துதான் வந்தது, அது உண்மை. அந்தத் தெம்பில் 1861ல் தெற்குக்காரர்களே பருத்தியைக் கப்பலேற்றாமல் பதுக்கினார்கள். லங்காஷயர் ஆலைகள் நின்றால் இங்கிலாந்து தானாக ஓடிவரும் என்று கணக்கு. ஆனால் முந்தைய அமோக விளைச்சலால் லிவர்பூல் கிடங்குகளில் சரக்கு நிறைய இருந்தது. பிறகு உண்மையாகவே பஞ்சம் வந்து லங்காஷயரில் ஆலைகள் மூடித் தொழிலாளர் பட்டினி கிடந்தபோது, லண்டன் எகிப்தையும் இந்தியாவையும் பார்த்தது. வட அமெரிக்கக் கோதுமையையும் அது விட முடியாது. வேலையில்லாமல் கிடந்த மான்செஸ்டர் தொழிலாளர்களே 1862 கடைசி நாளில் லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். பாமர்ஸ்டன் போன்ற ஒரு பழம் தின்று கொட்டை போட்ட ஆள் இதையெல்லாம் பார்க்காமல் குதித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பருத்தி என்றதும் நம்ம பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன். அமெரிக்கப் பருத்தியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1840களிலேயே அமெரிக்கத் தோட்டக்காரர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் பத்து வருஷத்துக்கு மேல் அமெரிக்க ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்தார், பெரிதாக எடுபடவில்லை. நம் கரிசல் பருத்தியின் இழை குட்டை. ஆனாலும் போர்க்காலத்தில் சூரத் பருத்திக்கும் திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏறியது. பம்பாயில் அந்தப் பணம் ஷேர் பைத்தியமாக மாறியது. லீ சரணடைந்த செய்தி வந்ததும் 1865 ஜூலையில் எல்லாம் கவிழ்ந்தது. ராஜாபாய் கோபுரத்துக்குப் பணம் கொடுத்த பிரேம்சந்த் ராய்சந்தும் அந்தச் சரிவில் மாட்டியவர்தான். 1862லேயே தெற்கு ஜெயித்து லிவர்பூலுக்குப் பருத்தி திரும்பியிருந்தால் இந்த ஏற்றமும் வீழ்ச்சியும் இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. பருத்திப் பணத்தை நம்பிக் கடன் வாங்கிக் குவித்து 1876ல் திவாலான எகிப்தின் கதைகூடக் கொஞ்சம் வேறு மாதிரி போயிருக்கலாம்.

இரண்டாவது கதவு 1864 ஆகஸ்ட். நாவலுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான், ஏனென்றால் இதில் கற்பனை அதிகம் தேவைப்படாது.

அந்தக் கோடையில் வடக்கு களைத்துப்போயிருந்தது. கிராண்ட் வர்ஜீனியாவில் ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்து பீட்டர்ஸ்பர்க் முன்னால் பதுங்குகுழிகளில் உட்கார்ந்திருந்தார். ஜூலையில் ஏர்லி என்ற தென்தளபதி வாஷிங்டன் எல்லைக் கோட்டை வரைக்கும் வந்து சுட்டுவிட்டுப் போனார். வேடிக்கை பார்க்கப்போன லிங்கன் தலைக்குப் பக்கத்திலேயே குண்டு பறந்தது. வடதளபதி ஷெர்மன் அட்லாண்டாவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நவம்பரில் தேர்தல். ஜனநாயகக் கட்சி அந்த மாதக் கடைசியில் சிகாகோவில் கூடி, போரை நிறுத்திப் பேச்சுவார்த்தை நடத்துவோம் என்று அறிவிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 23 அன்று லிங்கன் ஒரு தாளில் சில வரிகள் எழுதினார். இந்த அரசு மறுபடி தேர்ந்தெடுக்கப்படாமல் போக மிகவும் வாய்ப்பிருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் புதிய ஜனாதிபதி பதவியேற்கும் முன் அவரோடு ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பாற்றுவது என் கடமை, ஏனென்றால் பதவியேற்ற பிறகு அவரால் அதைக் காப்பாற்ற முடியாத அடிப்படையில்தான் அவர் ஜெயித்திருப்பார். தாளை மடித்து உள்ளே இருப்பது தெரியாதபடி ஒட்டி, மந்திரிசபைக் கூட்டத்தில் வைத்து, முதுகில் கையெழுத்துப் போடச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே எல்லோரும் போட்டார்கள். தேர்தல் முடிந்து நவம்பரில்தான் பிரித்துக் காட்டினார்.

இதற்கு நான்கு நாள் முன்பு நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆகஸ்ட் 19 அன்று லிங்கன், தானே அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவரான ஃப்ரெடரிக் டக்ளஸை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டார். தெற்கிலிருந்து அடிமைகள் தான் எதிர்பார்த்த வேகத்தில் நம் பக்கம் வரவில்லையே என்று கவலைப்பட்டார். தான் தோற்று, அடிமைமுறையோடு சமாதானம் ஏற்பட்டுவிட்டால், அதற்குள் எல்லைக் கோட்டைத் தாண்டி வந்தவர்கள்தான் தப்பியவர்கள். ஆகவே தெற்கின் உள்ளே ஆள் அனுப்பிச் செய்தி சொல்லி, முடிந்த மட்டும் எல்லோரையும் வெளியே கொண்டுவர ஒரு திட்டம் போடுங்கள் என்று கேட்டார். டக்ளஸ் மாதக் கடைசியில் திட்டத்தை எழுதியும் கொடுத்தார். தெற்கு ஜெயித்தால் என்ன என்ற கேள்வியை நாம் இன்று கேட்கிறோம். அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அன்றே கேட்டு, அதற்கு ஏற்பாடும் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

செப்டம்பர் 2 அன்று அட்லாண்டா விழுந்தது. காற்று திசை மாறியது. லிங்கன் 212 தேர்வாளர் வாக்குகள், எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் மெக்லெல்லன் 21. உங்கள் கதைக்குத் திருப்புமுனை வேண்டுமானால் ஜூலை 17ஐப் பிடியுங்கள்: அன்றுதான் டேவிஸ், பின்வாங்கிப் பின்வாங்கிப் படையைக் காப்பாற்றிய ஜான்ஸ்டனை நீக்கிவிட்டு, மோதித் தீர்க்கிற ஹூடை நியமித்தார். ஹூட் மோதினார், ஆட்களை இழந்தார், ஊரையும் இழந்தார். ஜான்ஸ்டன் நவம்பர் தேர்தல் வரை இழுத்திருந்தால்?

இங்கே ஒரு எச்சரிக்கை. மெக்லெல்லன் ஜெயித்தால் மறுநாளே தெற்குக்கு விடுதலை என்று எழுதிவிடாதீர்கள். தன் கட்சியின் சமாதானத் தீர்மானத்தை அவரே தன் ஏற்புக் கடிதத்தில் ஒதுக்கிவிட்டு, ஒன்றியம் திரும்புவதுதான் நிபந்தனை என்றார். பதவியேற்பு 1865 மார்ச் 4. அதுவரை போர் நடத்துகிற ஆள் லிங்கன்தான். ஆக, தெற்கு இன்னும் நான்கு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும். பிறகு ஒரு சண்டை நிறுத்தம், அதற்குப் பிறகு மீண்டும் துப்பாக்கி எடுக்க வடக்குக்கு மனசில்லாமல் போவது. இப்படித்தான் வரமுடியும், நொண்டி நொண்டி. கொடியேற்றமும் வாணவேடிக்கையுமாக இருக்காது.

சரி, ஜெயித்தாயிற்று. எப்படிப்பட்ட நாடு அது?

மாநில உரிமைக்காகப் பிரிந்தார்கள் என்று இப்போதும் சொல்பவர்கள் உண்டு. தெற்கின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸே 1861 மார்ச் 21 அன்று சவன்னாவில் மறைக்காமல் சொல்லிவிட்டார்: நம் அரசின் மூலைக்கல், கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமல்ல, அடிமைத்தனமே அவனுக்கு இயல்பான நிலை என்ற உண்மைதான் என்று. அரசியல் சாசனத்திலும் அப்படியே. கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையை மறுக்கவோ குறைக்கவோ எந்தச் சட்டமும் காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றம், இயற்றக் கூடாது. எந்த மாநிலத்துக்கும் குடிமகன் தன் அடிமைகளோடு போய்த் தங்கலாம். அதாவது ஒரு மாநிலம் நாளைக்கு மனம் மாறினாலும் முழுக்க விடுபட வழியில்லை. பிரிந்துபோகும் உரிமைக்காகவே பிறந்த நாட்டின் சாசனத்தில் பிரிந்துபோகும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றத்துக்கு இடம் வைத்தார்கள், அதைக் கடைசிவரை அமைக்கவே இல்லை.

இந்த நாட்டின் எதிர்காலத்தை யூகிக்க எதிர்காலத்துக்குப் போக வேண்டியதில்லை. பின்னால் திரும்பினாலே போதும். பிரிந்துபோய் உண்மையாகவே ஜெயித்த ஓர் அடிமை நாடு அமெரிக்கக் கண்டத்தில் ஏற்கெனவே இருந்தது: டெக்சாஸ் குடியரசு.

மெக்சிகோ 1829ல் அடிமைமுறையை ஒழித்தது. டெக்சாஸில் குடியேறியிருந்த அமெரிக்கர்கள் கத்திக் கூச்சல் போட்டு விலக்கு வாங்கினார்கள்; ஆனாலும் தலைமேல் கத்தி தொங்குகிற நிலைதான். 1836 மார்ச் 2 அன்று பிரிந்தார்கள். மெக்சிகோவின் மையப்படுத்தும் ஆட்சி போன்ற வேறு காரணங்களும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஏப்ரல் 21 அன்று சான் ஹசின்டோவில் ஜெயித்தார்கள். அதற்கு முன்பே, மார்ச்சில் எழுதிய சாசனத்தின் பொது விதிகளில் 9ஆம் பிரிவு: அடிமைகள் ஆயுளுக்கும் அடிமைகள், அவர்களை விடுவிக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை, காங்கிரஸ் அனுமதியில்லாமல் சுதந்திரமான கறுப்பர் யாரும் நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கக்கூட முடியாது. 1840ல் இன்னொரு சட்டம்: சுதந்திரக் கறுப்பர்கள் 1842 ஜனவரி 1க்குள் வெளியேற வேண்டும், இல்லையென்றால் ஏலம். ஜனாதிபதி ஹூஸ்டன் அதைத் தள்ளிப்போட்டார் என்பது வேறு விஷயம்.

அமெரிக்கா 1837ல் அங்கீகரித்தது, பிறகு பிரான்சும் பிரிட்டனும். கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே பார்த்தால் கஜானா காலி. 'ரெட்பேக்' என்று அச்சிட்ட நோட்டு டாலருக்குச் சில சென்ட்டாக விழுந்தது. லாமார் ஜனாதிபதியாக இருந்தபோது 1841ல் சான்டா ஃபேயைப் பிடித்துவிடலாம் என்று அனுப்பிய கூட்டம் மெக்சிகோவிடம் கைதியாகப் போனது. அடிமைகள் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது: 1836ல் சுமார் 5,000, பத்து வருஷத்தில் சுமார் 30,000. தெற்கே ரியோ கிராண்ட் பக்கம் ஓடுகிறவர்களும் பெருகினார்கள். பிரிட்டன், அடிமைகளை விடுவித்தால் உதவுகிறேன் என்று காதில் ஓதத் தொடங்கியது. அதைக் கேட்டு அமெரிக்கத் தெற்கு நடுங்கியது. டெக்சாஸைச் சேர்த்துக்கொள்வதற்கு அடிமைமுறையைக் காப்பதையே காரணமாகக் காட்டி வெளியுறவுச் செயலர் கல்ஹூன் 1844ல் பிரிட்டிஷ் தூதருக்குக் கடிதமே எழுதினார். கடைசியில் 1845 டிசம்பரில் டெக்சாஸ் சுதந்திரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு அமெரிக்காவுக்குள் நுழைந்தது. பழைய கடனை அடைக்க 1850ல் வாஷிங்டன் 1 கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது.

டெக்சாஸ் ஏன் உள்ளே போனது? அடிமை வைத்திருப்பவனுக்கு அன்று உலகத்திலேயே பாதுகாப்பான கூரை அமெரிக்க ஒன்றியம்தான். அதன் சாசனம், ஓடிப்போன அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. 1850ல் வந்த சட்டம் வட மாநிலத்து மார்ஷலையே பிடித்துக் கொடுக்க வைத்தது. கிளர்ச்சி வந்தால் மத்திய ராணுவம் வரும். பதினைந்து வருஷம் கழித்து அதே கூரையிலிருந்துதான் டெக்சாஸும் இன்னும் பத்து மாநிலங்களும் வெளியே நடந்தன. வடக்கு ஓடுகாலிகளை ஒழுங்காகத் திருப்பித் தருவதில்லை என்று தென் கரோலினா தன் பிரிவினை அறிக்கையிலேயே குறை சொல்லியிருந்தது. லிங்கன் பதவியேற்பு உரையில் அமைதியாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: இப்போது அரைகுறையாகத் திரும்பி வருகிறார்கள், பிரிந்துபோனால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

அது நடப்பதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1861 மே 23 இரவு, வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில், ஃப்ராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு சிறு படகைத் துடுப்புப் போட்டு, ஒன்றியத்தின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்தார்கள். எதிர்க்கரையில் தென்படைக்குப் பீரங்கி மேடை கட்ட அவர்களை அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்கொடியோடு ஓர் அதிகாரி பின்னாலேயே வந்தார். அவர்கள் கர்னல் மல்லோரியின் சொத்து, சட்டப்படி திருப்பிக் கொடுங்கள் என்றார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வக்கீல். வர்ஜீனியா தன்னை வேற்று நாடு என்கிறது, அதை நான் அப்படியே ஏற்கிறேன், வேற்று நாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றார். கர்னல் இங்கே வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டால் தரலாம் என்று வேறு சேர்த்துக்கொண்டார். பட்லர் அப்போது அடிமை ஒழிப்பு வீரர் ஒன்றும் இல்லை. எதிராளியின் வாதத்தை எதிராளி தலையிலேயே கட்டிய வக்கீல், அவ்வளவுதான். செய்தி பரவியது. சில நாளில் குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள். போர் முடிவதற்குள் லட்சக்கணக்கானோர் வடபடையின் பக்கம் வந்திருந்தார்கள். சுமார் 1,80,000 கறுப்பர்கள் நீலச் சீருடை போட்டார்கள்.

தெற்கு ஜெயித்து எல்லைக் கல் நட்டுவிட்டால், பட்லரின் அந்த ஒற்றை வாதம் 1,500 மைல் எல்லைக்கும் நிரந்தரச் சட்டமாகிவிடும். முன்பு வர்ஜீனியாவிலிருந்து ஓடுகிறவன் உண்மையான பாதுகாப்புக்குக் கனடா வரை போக வேண்டும். இனிமேல் ஒரு ஆறு போதும்.

எல்லை எங்கே விழும் என்பதையும் யோசியுங்கள். அடிமை மாநிலங்களிலேயே மேரிலாந்து, டெலவேர், கென்டக்கி, மிசூரி ஒன்றியத்தில் தங்கிவிட்டன. 1860ல் மேரிலாந்தில் அடிமைகள் 87,189, சுதந்திரக் கறுப்பர்கள் 83,942. அடிமைமுறை அங்கே ஏற்கெனவே பாதி கரைந்துவிட்டது. 1864 நவம்பரில் சட்டப்படியும் ஒழித்தார்கள். மேற்கு வர்ஜீனியா 1863லேயே தனியாக வந்துவிட்டது. எல்லை ஓட்டை என்றால் எல்லையோர முதலாளி என்ன செய்வான்? ஓடிப்போகும் முன் விற்றுவிடுவான். நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை தெற்கின் தலைநகரான ரிச்மண்ட்தான்; வர்ஜீனியா ஏற்கெனவே தெற்கே ஆள் விற்றுப் பிழைக்கிற மாநிலம். அந்த விற்பனை வேகமெடுக்கும். அடிமைகள் மிசிசிப்பி, அலபாமா, டெக்சாஸ் என்று கீழே திரளுவார்கள், குடும்பங்கள் பிரியும், வர்ஜீனியாவுக்கு இந்தக் கூட்டில் நீடிக்க அக்கறை குறையும். பிரிந்துபோவதில் பிறந்த நாடு மறுபடி பிரிவது பற்றி எந்த முகத்தோடு மறுப்பது?

வேறு வழி எல்லைக்குக் காவல். பணம், ஆள், குதிரை. அடிமை இல்லாத ஏழை வெள்ளையன்தான் அந்தக் காவலுக்குப் போக வேண்டும். போர்க்காலத்திலேயே, 20 அடிமைகளுக்கு ஒருவர் வீதம் வெள்ளையருக்குப் படையிலிருந்து விலக்கு என்று 1862ல் சட்டம் போட்டபோது எவ்வளவு வயிற்றெரிச்சல் வந்தது! ரிச்மண்டில் 1863 ஏப்ரலில் ரொட்டி கேட்டுப் பெண்கள் கடைகளை உடைத்தார்கள். ஜார்ஜியா ஆளுநர் பிரவுன் டேவிஸோடு கடைசிவரை மல்லுக்கட்டினார். சமாதானம் வந்ததும் இவர்களெல்லாம் வாயை மூடிக்கொள்ள மாட்டார்கள். எல்லை தாண்டித் துரத்தப் போனால் போர் வரும். டெக்சாஸ் ரேஞ்சர்கள் 1855ல் மெக்சிகோவுக்குள் புகுந்து பியெட்ராஸ் நெக்ராஸ் ஊரைக் கொளுத்திவிட்டு ஓடிவந்த மாதிரி. பலவீனமான மெக்சிகோவிடம் அது நடந்தது. எதிரே இருப்பது பத்து லட்சம் பேருக்குச் சண்டைப் பழக்கம் கொடுத்துவிட்ட வடக்கு.

இனி இயந்திர வாதம். தொழிற்சாலை வந்தால் அடிமைமுறை போகும் என்பது பாடப்புத்தகச் சூத்திரம். ரிச்மண்டின் ட்ரெடிகர் இரும்பாலையில் 1847ல் என்ன நடந்தது தெரியுமா? முதலாளி ஆண்டர்சன் உலை வேலைக்கு அடிமைகளைப் பழக்கினார். வெள்ளைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் தூக்கிவிட்டு அடிமைகளை வைத்தே உலையை ஓட்டினார். தெற்கின் பீரங்கிகளில் சுமார் பாதி அந்த ஆலையில் வார்த்தவைதான். சந்தை விலையும் இதையே சொன்னது: 1860ல் நியூ ஆர்லியன்ஸில் வயல்வேலைக்குத் திடமான இளைஞனின் விலை 1,500 டாலருக்கு மேல், அதுவரை இல்லாத உச்சம். சாகப் போகிற தொழிலின் சரக்குக்கு யாரும் அப்படிக் கொட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

நிஜ வரலாற்றில், தோற்றுப்போய், சட்டம் தடைசெய்த பிறகும் தெற்கு என்ன செய்தது? சில்லறைக் குற்றங்களுக்குக் கறுப்பர்களைப் பிடித்து, கைதிகளை நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. அலபாமா அதை நிறுத்தியது 1928ல். பருத்தி பறிக்கும் இயந்திரமோ 1940களில்தான் உருப்படியாக வயலுக்கு வந்தது. இயந்திரத்துக்காகக் காத்திருந்தால் இருபது வருஷம் இல்லை, எண்பது வருஷம்.

அப்படியானால் எப்படி முடிந்திருக்கும்? எனக்கு நெருக்கமாகத் தெரிகிற மாதிரி பிரேசில். அங்கே 1872 கணக்கெடுப்பில் 15 லட்சம் அடிமைகள்; 1887ல் 7 லட்சத்துச் சொச்சம்; 1888 மே 13 அன்று இரண்டே வரிச் சட்டத்தில் முடிந்தது. அந்தச் சட்டத்துக்கு முன் நடந்ததைப் பாருங்கள். 1881ல் சியாரா மாகாணத்தில், கரையிலிருந்து கப்பலுக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் தெப்பக்காரர்கள், விற்கப்பட்ட அடிமைகளை இனி ஏற்ற மாட்டோம் என்று துடுப்பைக் கீழே வைத்தார்கள். நம்ம ஊர்க் கட்டுமரம் மாதிரியான தெப்பம். ஜங்காடா என்று பெயர். மலையாளச் சங்ஙாடம்தான் போர்த்துக்கீசியர் வாயில் அப்படிப் போனது. 1884ல் அந்த மாகாணம் அடிமைமுறையை ஒழித்தது. 1887ல் சாவோ பாவ்லோ காப்பித் தோட்டங்களிலிருந்து அடிமைகள் கூட்டம் கூட்டமாக நடந்தே வெளியேறினார்கள். ஓடுகிறவர்களைப் பிடிக்க எங்களை அனுப்பாதீர்கள் என்று ராணுவ அதிகாரிகள் மனுக் கொடுத்தார்கள். சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தெற்கிலும் கரைப்பு இந்த வழியில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இன்னும் தாமதமாக, இன்னும் ரத்தத்தோடு. 11 மாநிலங்களின் 91 லட்சம் மக்களில் 35 லட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் பாதிக்கு மேல். அடிமைமுறையைத் தொடக் கூடாது என்று சாசனத்திலேயே பூட்டு. பிரேசிலில் போலப் பேரரசரின் மகள் போடும் ஒரு கையெழுத்தில் முடிகிற விஷயமாக அங்கே இருந்திருக்காது. 1865 மார்ச்சில், முழுகும் கடைசி நேரத்தில்தான், அடிமைகளைச் சிப்பாயாக்க அவர்கள் காங்கிரஸ் சம்மதித்தது. அதற்கு இரண்டு மாதம் முன் ஹவல் காப் என்ற தளபதி எதிர்த்து எழுதிய வாக்கியம் நியாயமானது: அடிமைகள் நல்ல சிப்பாய்களானால், அடிமைமுறை பற்றிய நம் கோட்பாடு முழுவதும் தப்பு.

நாவலுக்கு ஒரே ஒரு யோசனை. ரிச்மண்ட் மாளிகை விருந்தில் ஆரம்பிக்காதீர்கள். ராபர்ட் ஸ்மால்ஸ் என்றொரு அடிமை மாலுமி 1862 மே 13 விடியலுக்கு முன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கும்போது, 'பிளாண்டர்' என்ற தென்படைக் கப்பலைக் கிளப்பினார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் போட்டு, கோட்டைகளைத் தாண்டும்போது சரியான ஊதலைக் கொடுத்து, மனைவி மக்களோடு வடக்குக் கப்பற்படையிடம் போய்ச் சேர்ந்தார். அவர் பிறந்த ஊர் தென் கரோலினாவின் பியூஃபோர்ட். 1861 நவம்பரிலிருந்தே வடக்கின் கையில் இருந்த ஊர். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே அங்கே வரிப்பாக்கி ஏலத்தில் ஸ்மால்ஸ் வாங்கினார். சமாதான ஒப்பந்தத்தில் கோடு கிழிக்கும்போது பியூஃபோர்ட் எந்த நாட்டில் வருகிறது, அந்தக் கிரயப் பத்திரம் செல்லுமா செல்லாதா? முதலில் அதை முடிவு செய்துகொண்டு எழுத உட்காருங்கள்.